ஆயில் மாற்றியாச்சு, இப்போது இது என்ன புதுசா? வீட்டில் இன்ஜின் ஆயில் மாற்றியபின் வரும் கோளாறுகளும் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியும்

மே மாதம் பிறந்தால் எங்கள் சேலம் கோரிமேட்டுத் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு காட்சி தப்பாது. யாராவது ஒருவர் வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஒரு பழைய பேசினைத் தள்ளிவிட்டு, இரண்டு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். மறுநாள் குடும்பத்தோடு ஏற்காடு. மலை ஏறுவதற்கு முன்னால் ஆயிலை மாற்றிவிட்டால் நிம்மதி என்று கணக்கு. அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வரைக்கும்தான் தாங்கும். அதன்பிறகு என் போன் அடிக்க ஆரம்பிக்கும்.

நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டிக்கும் சொந்தக்காரர்கள் வண்டிக்கும் பல வருடமாக நானே ஆயில் மாற்றுகிறேன், அவ்வளவுதான். எப்படி மாற்றுவது என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. மாற்றி முடித்தபின் லைட் எரியும்போதும், புகை வரும்போதும், தரையில் சொட்டு விழும்போதும் எதை முதலில் பார்ப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி, ஆயில் மாற்றிய கையோடு வேறு மாதிரி நடந்துகொண்டால், கோளாறு இன்ஜினுக்குள் இருப்பது அபூர்வம். நம் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். கை பட்டது எத்தனை இடம்? கீழே ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட், பக்கத்தில் ஃபில்டர், மேலே ஆயில் ஊற்றும் மூடி, ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பி, அப்புறம் போகிற போக்கில் இடித்துவிட்ட ஒயரோ குழாயோ. இந்த ஐந்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தால் பெரும்பாலும் ஆள் அகப்பட்டுவிடுவான்.

அதனால்தான் புது ஆயிலுக்கு மலைப்பாதையைச் சோதனை ஓட்டமாக வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவையும் ஃபர்ஸ்ட், செகண்ட் கியரில் இழுத்து ஏறும் நேரத்தில் ஒரு வாஷர் கசிவது தெரிந்து என்ன செய்வது? நாலைந்து நாள் முன்னாடியே மாற்றி, அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, ஜங்ஷன் என்று ஊருக்குள் ஓட்டி, தினமும் காலையில் அடியில் எட்டிப்பார்த்துவிட்டு, அப்புறம் மலைக்குப் போங்கள்.

காருக்கு அடியில் போகிறவர்களுக்கு ஒரு வரி: வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பி அடியில் தலையை விடக்கூடாது. ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, சமதளத்தில் மட்டும்தான்.

சிவப்பு ஆயில் லைட் அணையவில்லை

இதை முதலில் சொல்லக் காரணம், மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம், இதை இந்த நிமிடம் பார்க்க வேண்டும்.

ஆயில் மாற்றி முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது லைட் இரண்டு மூன்று விநாடி கூடுதலாக எரியும். புது ஃபில்டர் காலியாக இருக்கிறது, பம்ப் அதை நிரப்பிவிட்டுத்தான் மேலே அனுப்பும். ஆக்சிலேட்டரைத் தொடாமல் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணியும் அணையவில்லை என்றால் உடனே ஆஃப். "கொஞ்சம் ரேஸ் பண்ணினா அணையும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த லைட் எரிகிறது என்றால் பேரிங்குக்கு ஆயில் போகவில்லை என்று அர்த்தம். இரும்பும் இரும்பும் உரசுகிற நேரத்தில் ரேஸ் செய்தால் இன்ஜின் சீஸ் ஆவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

ஆஃப் செய்தபின் கேஜைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஆயிலே ஊற்றாமல் ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. நடுவில் ஒரு போன் வந்திருக்கும், பேசி முடித்துவிட்டு வந்து மூடியை மூடியிருப்பார்கள். ஊற்றியது நிச்சயம், ஆனாலும் கேஜ் குறைவாகக் காட்டினால் வண்டிக்கு அடியில் பாருங்கள், ஊற்றின ஆயில் தரையில் கிடக்கலாம். கேஜும் சரி, தரையும் சுத்தம் என்றால் ஃபில்டர் நம் வண்டிக்கு உரியதுதானா என்று டப்பாவின் மேல் இருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள். மரை ஒன்றாக இருப்பதால் மட்டும் ஃபில்டர் ஒன்றாகிவிடாது. கடைசியாக ஆயில் பிரஷர் சுவிட்ச். பல கார்களில் இது ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஃபில்டரைத் திருகும்போது முழங்கை பட்டு அதன் ஒயர் பழுதாகியிருக்கலாம். ஆனால் ஒயர் என்று தெரிந்துகொள்ளும்வரை அதை ஒயர் என்று நினைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது.

இந்த லைட்டைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. ஆயில் குறைந்தால் சொல்லும் என்று நினைக்கிறார்கள். அது அளவைப் பார்ப்பதே இல்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. அது எரிகிற நேரத்தில் ஆயில் எப்போதோ குறைந்து முடிந்திருக்கும். மேட்டில் வண்டி மூக்கைத் தூக்கும்போதும் வளைவில் சாயும்போதும் ஆயில் ஒரு மூலைக்கு ஒதுங்க, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். சமதளத்தில் அணைந்திருக்கும் லைட் மலையில் கண் சிமிட்டுவது இதனால்தான்.

என் மனைவியின் தம்பி ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறான். ஒரு தடவை சேலத்தில் வேலையை முடித்துவிட்டு மேலே போகும்போது போன் செய்தான்.

"மாமா, சிவப்பு லைட் விட்டு விட்டு எரியுதுங்க. நாலாவது வளைவு தாண்டிட்டேன். மெதுவா ஏத்திட்டுப் போயிடட்டுமா?"

"ஏத்தாதே மாப்ளே. அகலமா இருக்கிற இடத்துல ஒதுக்கி ஆஃப் பண்ணு. சக்கரத்துக்குக் கல்லை வெச்சுட்டு அப்புறம் பேசு."

மூன்று லிட்டர் பிடிக்கும் வண்டியில் இரண்டு லிட்டர்தான் இருந்தது. அதற்கு முந்தின வாரம் வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றியிருக்கிறான். அந்த வாசல் எப்படிப்பட்ட வாசல் என்பது கேஜ் பற்றிச் சொல்லும்போது வரும்.

கீழே சொட்டுகிறது

முதல் இரண்டு நாள் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் பதற வேண்டாம். ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த பழைய ஆயில், சேஸ் இடுக்கிலும் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரிலும் தேங்கி, வண்டி சூடானதும் இளகி மெல்ல வடியும். இது வேறு, கசிவு வேறு. வித்தியாசம் தெரிய ஒரு வழிதான்: எல்லாவற்றையும் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ராத்திரி அடியில் நாளிதழை விரித்து வைத்து, காலையில் பாருங்கள். மூன்றாம் நாளும் அதே இடத்தில் அதே அளவு வட்டம் இருந்தால் கசிவு.

எங்கிருந்து என்று பார்க்கும்போது எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சொட்டு விழும் இடம் கசியும் இடம் இல்லை. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், பூமி கீழே இழுக்கும். அதனால் நனைந்திருப்பதிலேயே எது மிக மேலே, எது மிக முன்னே இருக்கிறது என்று தேடுங்கள். கோரிமேட்டு மண்ணில் இன்னும் வசதி, ஈரம் இருக்கும் இடத்தில் தூசி அப்பிக்கொண்டு தானே வழி காட்டும்.

ட்ரெயின் போல்ட்டில் கசிந்தால் முக்கால்வாசி வாஷர்தான். செம்போ அலுமினியமோ, அந்த வாஷர் ஒரு தடவை நசுங்கி அடைத்துக்கொள்ளத்தான் செய்திருக்கிறார்கள். பழையதையே திருப்பிப் போட்டால் சில சமயம் நிற்கும், சில சமயம் நிற்காது. டீக்காசுக்குள் முடிகிற விஷயத்துக்கு மூன்று லிட்டர் ஆயிலைப் பணயம் வைப்பானேன். கசிகிறது என்று இன்னும் ஒரு முறுக்கு, இன்னும் ஒரு முறுக்கு என்று போனால், மரை போய்விடும். பல சின்ன பெட்ரோல் கார்களில் இந்த போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டர் அளவில்தான் முறுக்கு கேட்பார்கள். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் இல்லையென்றால் சாதாரண ரிங் ஸ்பானரை நடுவில் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். குழாய் மாட்டி இழுக்கும் வேலை இங்கே கிடையாது.

ஃபில்டரில் கசிந்தால் என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கை பழகிவிட்டது என்ற தெனாவட்டில் இருந்த காலம். பழைய ஃபில்டரைக் கழற்றினேன், புதியதன் ரப்பரில் ஆயில் தடவி மாட்டினேன், ஊற்றினேன், ஸ்டார்ட் செய்தேன். லைட் அணைந்தது. ஆகா என்று இறங்கி வந்து பார்த்தால், பானட்டுக்கு அடியில் இருந்து குடத்தைச் சாய்த்த மாதிரி ஆயில். ஓடிப்போய் ஆஃப் செய்வதற்குள் தேன் நிறத்தில் ஒரு ஓடை கிளம்பி, வாசல்படிக்குக் கீழே காலையில் போட்டிருந்த கோலத்துக்குள் இறங்கி, கோட்டுக்குக் கோடு பரவியது. புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கறுத்ததை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து என்ன கேட்டது என்பதை எழுதவில்லை.

நடந்தது இதுதான். பழைய ஃபில்டர் வந்துவிட்டது, அதன் ரப்பர் வளையம் மட்டும் இன்ஜின் முகத்தில் ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது. கறுப்பு மேல் கறுப்பு, அதன்மேல் ஆயில், கண்ணுக்குத் தெரியாது. அந்த ரப்பர் மேல் புது ரப்பர் உட்கார்ந்தால் சும்மா இருக்கும்போது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும், அழுத்தம் ஏறியதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். இறுக்கினாலும் நிற்காது. கழற்றி, வளையத்தை நெம்பி எடுத்துவிட்டு, திரும்ப மாட்ட வேண்டியதுதான். அன்றிலிருந்து இரண்டு பழக்கம். கழற்றிய ஃபில்டரைத் திருப்பி ரப்பர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தாலும் இன்ஜின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் ஒரு சுற்று வருடிப் பார்ப்பேன். இரும்பு ஜில்லென்று வழுக்கும், ரப்பர் நகத்தில் தடுக்கும்.

ரப்பர் ஒன்றுதான் இருக்கிறது, ஆனாலும் லேசாகக் கசிகிறது என்றால் இறுக்கம் போதவில்லை. ரப்பர் முகத்தைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று என்பது வழக்கமான கணக்கு. ஃபில்டர் உடம்பிலேயே படம் போட்டிருப்பார்கள்.

தரையில் கொட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், பரவும். மரத்தூள் கொட்டி ஒரு மணி நேரம் ஊறவிட்டு வாரிவிட்டு, அப்புறம் சோப்புத் தூள்.

ட்ரெயின் போல்ட் கழலமாட்டேன் என்கிறது, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது

கழலவில்லை என்றால் முதலில் திசை. மல்லாந்து படுத்து மேலே பார்க்கும்போது இடம் வலம் குழம்பிப்போகும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, கடிகாரத்துக்கு எதிர்த்திசை. அடுத்தது ஸ்பானர். வாய் திறந்த ஸ்பானரும், திருகித் திருகி அளவு வைக்கும் ஸ்பானரும் இந்த வேலைக்கு வரக்கூடாது. போல்ட்டின் மூலை மழுங்கிவிட்டால் அப்புறம் கட்டிங் பிளேயர், உளி என்று அசிங்கமாகப் போகும். பல சின்ன கார்களில் 17 எண் ஸ்பானர் பொருந்தும். ஆறு முனையிலும் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு, கைப்பிடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. நிதானமாக இழுப்பதைவிடச் சட்டென்று கொடுக்கும் தட்டுக்குத்தான் போல்ட் மசியும். இன்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் இன்னும் சுலபம்.

கழற்றும்போதே கொழகொழவென்று சுற்றுகிறது, அல்லது மாட்டும்போது இறுகும் உணர்வே வரவில்லை என்றால், மரை போய்விட்டது. உங்கள் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம். என் அண்ணன் வண்டியில் இப்படித்தான் இருந்தது. அதற்கு முன் வேறொரு இடத்தில் சர்வீஸ் செய்தபோது யாரோ பலத்தைக் காட்டியிருக்கிறார்கள். கழற்றினபோது போல்ட்டோடு அலுமினியச் சுருள் ஒன்று, முறுக்கு நுனி மாதிரி, கூடவே வந்தது. ஆயில் தங்கும் சம்ப் அலுமினியம், போல்ட் இரும்பு. சண்டையில் யார் தோற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம். டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்சீல் அடைப்பது, செல்லாக் பூசுவது எல்லாம் பிளம்பிங்குக்குச் சரி. டேப்பும் பசையும் சம்ப்புக்குள் போனால் பம்ப் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும், பசை விட்டுவிட்டால் வாழப்பாடி போகும் வழியில் மொத்த ஆயிலும் ரோட்டில். சரியான வைத்தியம் இரண்டு: ஒரு சுற்றுப் பெரிய போல்ட்டுக்குப் புது மரை வெட்டுவது, அல்லது மரைக்குள் செருகும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போட்டுப் பழைய அளவையே திரும்பக் கொண்டுவருவது. சேலத்தில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? சம்ப்பைக் கழற்றி எடுத்துப்போய்ச் செய்வதுதான் சுத்தம். வண்டியிலேயே வைத்து வெட்டினால் உலோகத் தூள் உள்ளே விழும்.

ஃபில்டர் அசையவே இல்லை

உப்புத்தாளை, சொரசொரப்பு ஃபில்டர் பக்கம் இருக்கும்படி சுற்றிப் பிடியுங்கள். இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை இரண்டு சுற்றுச் சுற்றி. அதற்கும் மசியவில்லை என்றால் ஃபில்டர் கழற்றும் பெல்ட் கருவி அல்லது கிண்ணம் மாதிரிக் கருவி, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். ஸ்குரூடிரைவரை ஊடுருவக் குத்தித் திருப்புவது கடைசி வழி. தகடு கிழிந்து அடிப்பாகம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் அபாயம் உண்டு, கையும் கிழியும்.

பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கும் வகை என்றால் மூடியின் ஓரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, மறக்காமல் மாற்றுங்கள். பழையது எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதே பள்ளத்தில். ஒரு பள்ளம் தள்ளிப் போட்டால் மூடி இறுகும், கசிவும் இருக்கும்.

கேஜ் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டுகிறது

இப்போது நாகலூர் வாசலுக்கு வரலாம். மலை வீடு. வாசல் ரோட்டை நோக்கிச் சரிந்திருக்கும். மாப்ளே வண்டியை எப்போதும் போல மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, இரண்டு லிட்டர் ஊற்றி, கேஜை உருவிப் பார்த்திருக்கிறான். அவன் வண்டியில் கேஜ் இன்ஜினின் முன்பக்கம். ஆயில் முன்னால் ஒதுங்கி நின்றதால் மேல் கோடு வரைக்கும் நனைந்திருந்தது. "ஃபுல் ஆயிடுச்சு, கடைக்காரன் ஒரு லிட்டர் சேர்த்து வித்துட்டான்" என்று மீதிக் கேனைக் கொட்டகையில் வைத்துவிட்டான்.

மலையில் இருப்பவர்களுக்கு இது நிரந்தரத் தலைவலி. சமதளம் வீட்டில் இல்லை என்றால் பள்ளிக்கூட மைதானம், பஸ் நிற்கும் இடம், எங்காவது தேடிப் போய்த்தான் கேஜ் பார்க்க வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரிவது சமம் இல்லை. பானட் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தால் உருளும் உருளலே சொல்லிவிடும் என்பார்கள், ஆனால் பானட்டே சரிவுதான். பாட்டிலைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

சமதளத்திலும் கேஜ் குழப்புகிறது என்றால் காரணம் அவசரம். ஸ்டார்ட் செய்து, ஃபில்டர் நிரம்பவிட்டு, ஆஃப் செய்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். முதலில் உருவித் துடைத்துவிட்டு, முழுக்க உள்ளே அழுத்தி, இரண்டாம் தடவை உருவுவதுதான் கணக்கு. புது ஆயில் கண்ணாடி மாதிரி இருப்பதால் ஈரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. கேஜை ஒரு வெள்ளைத் தாள் மேல் ஒற்றினால் கோடு தெளிவாக விழும்.

கேஜை மட்டும் நம்பாமல் இருக்க எனக்குப் பிடித்த வழி, வடித்த பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த காலிக் கேனிலேயே புனல் வைத்து ஊற்றிவிடுவது. கேனில் அளவுக் கோடு இருக்கும். எவ்வளவு வெளியே வந்தது என்று அதுவே சொல்லிவிடும். புத்தகத்தில் 3 லிட்டர் என்று போட்டு, வெளியே 2 லிட்டர்தான் வந்தது என்றால், ஒன்று இன்னும் உள்ளே பாக்கி இருக்கிறது, இல்லையென்றால் உங்கள் வண்டி ஆயில் குடிக்கிறது. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

அதிகமாக ஊற்றிவிட்டால்? மேல் கோட்டுக்கு ஒரு நூல் மேலே என்றால் தலை போகாது. அரை லிட்டர் கூடிவிட்டது என்றால் எடுத்துவிட வேண்டும். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது. போல்ட்டை லேசாகத் தளர்த்தி வடிக்கிறேன் என்று கிளம்பினால் முழங்கை வரை ஆயில் வழியும். மெடிக்கலில் பெரிய சிரிஞ்சும், மீன் தொட்டிக்கு வாங்கும் மெல்லிய குழாயும் வாங்கி, இன்ஜின் ஆறியபின் கேஜ் துளை வழியாக உறிஞ்சி எடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் சட்டை கெடாது.

புகை

எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பானட் இடுக்கில் இருந்து லேசாக, கருகின வாடையோடு வந்தால், ஊற்றும்போதோ ஃபில்டரைக் கழற்றும்போதோ இன்ஜின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சிந்திய ஆயில் எரிகிறது. கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் கூடிக்கொண்டே போனால் நிறுத்தி, மேலே சொன்ன கசிவுத் தேடலைச் செய்யுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் தொடர்ந்து ஆயில் விழுவது தீப்பிடிக்கும் சமாசாரம்.

சைலன்சரில் இருந்து நீலம் கலந்த புகை வந்தால், முதலில் கேஜ். அதிகம் ஊற்றியிருந்தால் அந்த ஆயில் காற்றுக் குழாய் வழியாக இன்ஜினுக்குள்ளேயே போய் எரியும். அளவைக் குறைத்தபின்னும் இரண்டு மூன்று நாள் புகை இருக்கலாம், குழாயில் படிந்தது எரிந்து தீரவேண்டும்.

அளவு சரியாக இருந்தும் நீலப் புகை வருகிறதா? அப்போது ஆயில் மாற்றியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய வியாதி, இப்போதுதான் கவனிக்கிறீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஏற்காட்டு ரோட்டைவிட நல்ல பரிசோதனைக் கூடம் கிடையாது. இறங்கும்போது செகண்ட் கியரில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் வருவோம். அந்த நேரம் பெட்ரோல் இன்ஜினின் உறிஞ்சல் மிக அதிகம். ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்திருந்தால் மேலே இருக்கும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுபட்டுச் சேர்ந்துகொண்டே வரும். அடிவாரம் வந்து ரோடு நேரானதும் காலை வைப்பீர்கள், சேர்ந்த ஆயில் மொத்தமும் ஒரு நீலப் பொட்டலமாக வெளியேறும். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார். அது வால்வு சீல். இறங்கும்போது ஒன்றும் இல்லை, ஏறும்போது, இன்ஜின் திணறும்போது விடாமல் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். முன்னது ஓரளவு செலவு, பின்னது பெரிய செலவு. இரண்டுக்கும் கெட்டி ஆயில் மருந்து இல்லை.

மூடிக்கு அடியில் பால் காபி

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் உட்புறம் வெளிர் பழுப்பில், காபி நுரை மாதிரி கொழகொழப்பு. "ஹெட் கேஸ்கட் போச்சு", அதாவது இன்ஜினுக்குள் தண்ணீரையும் ஆயிலையும் பிரிக்கும் அடைப்பு போய்விட்டது, என்று முடிவு கட்டிவிடுவார்கள். சேலத்தில் என்றால் நானும் கொஞ்சம் கவலைப்படுவேன். மலையில் என்றால் முதலில் ஓட்டும் பழக்கத்தைக் கேட்பேன்.

மாப்ளே தினமும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வருவான். இரண்டு மூன்று கிலோமீட்டர். பனியும் மழையுமாக இருக்கும் மாதங்களில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் வீடு வந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து, இருப்பதிலேயே ஜில்லென்று இருக்கும் மூடியின் அடியில் வியர்த்து, ஆயில் ஆவியோடு கலந்து நுரைக்கும். மூடியைத் துடைத்துவிட்டு, சேலம் வரைக்கும் ஒரு தடவை இறங்கி ஏறினால் ஈரம் காய்ந்து காணாமல் போகும்.

கேஜிலும் அதே பால் நிறம், கூலண்ட் டப்பாவில் அளவு வாரத்துக்கு வாரம் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறது என்றால் அது வேறு கதை. தண்ணீர் உண்மையிலேயே ஆயிலில் கலக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை ஏற்றி அனுப்புங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

டக் டக் சத்தம்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடி மட்டும் என்றால் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். மலிவுச் சரக்கில் அது சீக்கிரம் விறைத்துப்போகும், ராத்திரியில் ஃபில்டர் காலியாகிவிடும். பழைய ஃபில்டரில் இல்லாத சத்தம் புதியதில் வந்தால் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் ஓட்டாதீர்கள், அளவையும் கிரேடையும் பாருங்கள்.

ஐடிலிங் நடுங்குகிறது, சர்வீஸ் லைட் போகவில்லை

நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் சிறுபிள்ளைத்தனமானது: கேஜ் முழுக்க உள்ளே போகவில்லை, ஊற்றும் மூடி சரியாகத் திருகவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் குழாய் கழன்றிருக்கிறது. கணக்கில் வராத காற்று உள்ளே போனால் இன்ஜின் குழம்பும். மூன்றையும் அழுத்திப் பாருங்கள். மூடியே போடாமல் ஓட்டினால் இன்ஜின் மேலெல்லாம் ஆயில் குளித்திருக்கும்.

மஞ்சள் ஸ்பானர் படம் எரிந்தால் அது ஆயில் லைட் இல்லை, சர்வீஸ் ஞாபகம். வண்டிக்கு நீங்கள் ஆயில் மாற்றியது தெரியாது. ரீசெட் செய்யும் முறை புத்தகத்தில் இருக்கும்.

பிக்கப் குறைந்துவிட்டது, மைலேஜ் இல்லை

என்ன ஆயில் ஊற்றினீர்கள்? கடையில் ஒருவர் என்னிடமே சொன்னார், "சேலம் வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில் தாங்காதுங்கண்ணா, 20டபிள்யூ-50 போடுங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இன்ஜின் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கத் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. வெளியே ஏப்ரல் வெயில் 40 டிகிரி காய்ந்தாலும், ஏற்காட்டில் மார்கழிப் பனி கொட்டினாலும், ஓடிச் சூடேறிய இன்ஜினின் கூலண்ட் ஏறக்குறைய 90 டிகிரியைச் சுற்றியேதான் இருக்கும். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் எவ்வளவு இளகி ஓடும் என்பது. பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. அந்தச் சூட்டில் 30 கேட்கிற இன்ஜினுக்கு 50 ஊற்றினால், நெரிசலில் மூட்டையோடு நடக்கிற மாதிரித்தான் இழுக்கும். பழைய காலத்து இன்ஜின்கள் 20டபிள்யூ-50 கேட்டன, அவற்றுக்கு அதுவே சரி. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அது. கடைக்காரர் சொல்வதும் வேண்டாம், நான் சொல்வதும் வேண்டாம்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு

மாற்றிய மறுநாளே கேஜில் ஆயில் கறுப்பாக இருக்கிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். டீசல் கரி அப்படித்தான், உள்ளே தங்கியிருக்கும் பழைய கொஞ்சமே புதியதைக் கறுப்பாக்கிவிடும்.

கவலைப்பட வேண்டியது, ஆயில் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனால். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகான டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி, டிபிஎஃப், சைலன்சர் வழியில் இருக்கும். அதை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் டீசலை விடும். செவ்வாய்பேட்டைச் சந்தில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திக்கொண்டே இருந்தால் அந்த வேலை பாதியில் நின்று, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். கேஜை முகர்ந்தால் டீசல் நெடி வரும், அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருக்கும். ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒரு தடவை ஓமலூர் பைபாஸில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில்தான் போட வேண்டும். சாதாரண டீசல் ஆயிலை ஊற்றினால் நாளடைவில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பழைய ஆயிலை என்ன செய்வது

இதையும் கோளாறு என்றே சேர்க்கிறேன். கேன் கொட்டகையில் மாதக்கணக்காகக் கிடக்கும், ஒருநாள் யாராவது உதைத்துக் கவிழ்ப்பார்கள்.

சாக்கடையில் ஊற்றாதீர்கள். சேர்வராயன் மலையில் இருந்து இறங்கிவரும் திருமணிமுத்தாற்றில்தான் ஊர்ச் சாக்கடை போய்ச் சேர்கிறது, அங்கிருந்து காவிரி. பயன்படுத்திய ஆயில் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. வீட்டு அளவுக்கு ஆயில் மாற்றும் ஒர்க்‌ஷாப் ஏதாவது ஒன்றில் கொடுத்தால், அவர்கள் சேர்த்து வைக்கும் பேரலில் ஊற்றிக்கொள்வார்கள். தண்ணீர், பெட்ரோல், கூலண்ட் கலக்காமல் கொடுங்கள். ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்தால் அதிலிருந்தும் ஒரு டம்ளர் வடியும்.

எங்கள் தெருக்கோடியில் மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒவ்வொரு தடவையும் வந்து நிற்பார். "தம்பி, அந்த வேஸ்ட் ஆயில் கொஞ்சம் குடுத்தா கொட்டாய்க் காலுக்குப் பூசிக்குவேன், கரையான் அண்டாது." முன்பெல்லாம் கொடுத்திருக்கிறேன். அந்தக் காலில் மாடு உடம்பை உரசுவதையும், உரசிய இடத்தை நக்குவதையும் ஒருநாள் நின்று பார்த்தபின் கொடுப்பதில்லை. இன்ஜினில் வெந்த ஆயிலில் தோலுக்கே ஆகாத சங்கதிகள் இருக்கின்றன, நாமே கையுறை போட்டுத்தான் தொடுகிறோம்.

"கரையான் மருந்து வாங்கித் தர்றேங்க ஐயா, இது வேண்டாம்" என்றேன். சரி என்று போனார். மருந்து வாங்கிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்று சாயங்காலம் பேசினை எடுத்து வெளியே வைத்தேன், திரும்பவும் வந்து நின்றுகொண்டிருந்தார்.